எங்களைப் போன்றவர்களை எங்கே சந்திப்பது?

மனநலம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு மனநலச் சமூகப் பணியாளர் ஒருவர் விடையளிக்கும் பகுதி இது. மனநோயால் பாதிக்கப்பட்டோரும் அவர்களுடைய குடும்பத்தினரும் கூடிப் பேசும் குழுக்களை எங்கே, எப்படித் தேடுவது என்று கேட்ட கடிதங்களில் நான்கினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, என் மகனுக்கு 24 வயது ஆகிறது. கல்லூரியில் படிக்கும்போது அவனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக மதுரையில் மருத்துவர் கூறினார். மாத்திரைகளைத் தவறாமல் கொடுத்து வருகிறேன். காதில் குரல் கேட்பதாகச் சொல்வது இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான். குளிக்கச் சொன்னால்கூடச் சண்டை வருகிறது. என் கணவர் இதைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நானும் நிறுத்திவிட்டேன். சென்னையில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் கூடிப் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஏதாவது உண்டா? அங்கே போனால் ஊருக்குள் செய்தி பரவி, மகளின் கல்யாணத்துக்குத் தடையாகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.
— பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகன் சிகிச்சை பெறும் இடத்திலிருந்தே தேடலைத் தொடங்குங்கள். புறநோயாளிகள் பிரிவில் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும் நாளில் மருத்துவரிடம் இதைக் கேட்டால், அவரால் ஓரிரு சொற்களுக்கு மேல் சொல்ல இயலாது. ஆகவே அதே பிரிவில் இருக்கும் மனநலச் சமூகப் பணியாளரையோ உளவியலாளரையோ தேடிச் சென்று, நோயாளிகளின் குடும்பத்தினருக்கான கூட்டம் இங்கே நடக்கிறதா, இல்லையெனில் அருகில் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். எந்தக் குழு உண்மையில் கூடுகிறது, எது பெயரளவுக்கு மட்டும் இருக்கிறது என்பதை அவர்களே அறிவார்கள்.

மதுரைக்குச் சென்று வரும் உங்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. 1992-இல் அங்கே தொடங்கப்பட்ட எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, மனநோயிலிருந்து மீள்வோரின் மறுவாழ்வுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. குடும்பத்தினருக்காக இப்போது என்னென்ன நடக்கிறது என்று அங்கே நேரில் விசாரியுங்கள். மதுரைவரை அடிக்கடி போக முடியாதென்றால், உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினரைப் பாருங்கள். இத்திட்டத்தின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வந்து நோயாளிகளைப் பார்க்கிறார். எந்த நாளில் எந்த ஊருக்கு வருகிறார் என்பதை மருத்துவமனையிலேயே சொல்வார்கள். வீட்டிலிருந்தபடியே கேட்க விரும்பினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உங்கள் பகுதியில் கிடைக்கும் மனநலச் சேவைகளைப் பற்றியும் கேட்கலாம்.

இவற்றையெல்லாம்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. பலருக்கும் அது தோன்றுவதில்லை. மாத்திரை வாங்கக் காத்திருக்கும் பெஞ்சில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவரும் ஒரு தாயோ தந்தையோ அண்ணனோதான். மாதந்தோறும் அதே முகங்களைப் பார்த்தும் ஒருவரோடொருவர் பேசாமலே திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை, 'நீங்கள் எத்தனை வருஷமாக இங்கே வருகிறீர்கள்?' என்று நீங்களே தொடங்கிப் பாருங்கள். நான் அறிந்த குடும்பக் குழுக்களில் சில இப்படியொரு பெஞ்சிலிருந்தே பிறந்தவை.

சென்னையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு நிறுவனமான 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். அவருடைய ஊக்கத்தோடு நோயாளிகளின் குடும்பத்தினரே 1989-இல் 'ஆஷா' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். குடும்பத்தினர் தாங்களே முன்வந்து நடத்தும் அமைப்பு நம் மாநிலத்தில் எவ்வளவு காலத்துக்கு முன்பே சாத்தியமாகியிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அங்கே போய் என்ன கிடைக்கும் என்ற கேள்வியும் உங்கள் மனத்தில் இருக்கும். நீங்கள் எழுதிய குளியல் சண்டையையே எடுத்துக்கொள்வோம். எழுந்து உட்காரவும் குளிக்கவும் நாட்டமில்லாமல் போவது மனச்சிதைவு நோயின் ஒரு பகுதி; குரல்கள் அடங்கிய பின்னும் இது நெடுநாள் நீடிக்கக்கூடும். சில வேளைகளில் மாத்திரை தரும் மயக்கமும் காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் இதைத் தனியே சொல்லுங்கள். இதைச் சோம்பல் என்று எண்ணும் வீட்டில் நாள்தோறும் கடிந்துகொள்ளல் நடக்கிறது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மீண்டும் முற்றுகிறது என்று ஆராயத் தொடங்கினார். கடுஞ்சொல்லும் பகைமையும் மிகுந்த வீடுகளிலும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடுகளிலும் அது அதிகம் என்பது அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியில் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். தனியாகச் சுமந்து களைத்துப்போன எவருக்கும் வாயில் கடுஞ்சொல்தான் வரும். நோயைப் பற்றிக் குடும்பம் முறையாகக் கற்றுக்கொள்ளும்போது நோய் திரும்புவது குறைகிறது என்பது பின்னர் பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. கூட்டத்தில் இன்னொரு தாய், 'நான் குளி என்று சொல்வதை விட்டுவிட்டு, வெந்நீர் வைத்துத் துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்' என்று சொல்லும்போது, என் போன்றோர் ஒரு மணி நேரம் விளக்கியும் விளங்காதது உங்களுக்கு நொடியில் விளங்கிவிடும்.

ஊர்ப்பேச்சு பற்றிய உங்கள் அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை அளிப்போர் நோயாளியைப் பற்றிய செய்திகளை வெளியிடக் கூடாது என்கிறது. ஆனால் குழுவில் உடன் அமர்ந்திருக்கும் பிற குடும்பத்தினரை அந்தப் பிரிவு கட்டுப்படுத்துவதாகக் கொள்ள முடியாது. அங்கே ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கே காவல். எனவே சொந்த ஊரிலேயே கூட்டம் நடந்தாலும், தொடக்கத்தில் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போவதில் தவறில்லை. முழுப் பெயரையும் தெருவையும் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் இரண்டு கூட்டங்களில் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வரலாம். அங்கே வருகிற பலருடைய வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒரு மகளோ மகனோ இருக்கிறார் என்பதால், உங்களைக் காட்டிக்கொடுப்பவர் தம்மையும் காட்டிக்கொடுத்தவர் ஆவார். உங்கள் கணவரை வற்புறுத்த வேண்டாம். ஆண்கள் பெரும்பாலும் மனைவி போய்வந்து சில மாதங்கள் கழித்துத்தான் வண்டியோட்டும் சாக்கில் வாசல்வரை வருகிறார்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது; கோவையில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். மனம் ஒருசமயம் அளவுமீறிப் பொங்கியும் ஒருசமயம் சோர்ந்தும் போகும் இருமுனைக் கோளாறுக்காக (பைபோலார்) லித்தியம் என்ற மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் முன்பு எழுதியவை பெரும்பாலும் பெற்றோருக்கானவையாக இருக்கின்றன. நோயை அனுபவிக்கும் எங்களுக்கென்று குழுக்கள் உண்டா? தேடினால் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களே கண்ணில் படுகின்றன. அவற்றை நம்பலாமா?
— கோவை வாசகர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு, உங்கள் குறை நியாயமானது. நம் நாட்டில் மனநோயாளியைக் கவனிப்பது பெரும்பாலும் குடும்பமே என்பதால் குழுக்களும் குடும்பத்தினரைச் சுற்றியே வளர்ந்தன. நோயோடு வாழ்பவர்கள் தாமே கூடும் குழுக்கள் குறைவு. அவற்றில் பலவும் பெருநகரங்களிலோ இணையவழியிலோ நடக்கின்றன. உங்கள் கோளாறுக்கென்றே 'பைபோலார் இந்தியா' என்ற அமைப்பு, அதே நோயோடு வாழும் ஒருவரால் தொடங்கப்பட்டு இயங்கி வருகிறது. உரையாடல் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதைத் தவிர உங்களுக்குத் தடையிராது. கோவையிலேயே நேரில் சந்திக்க விரும்பினால், உங்கள் மருத்துவரிடம் இதே நோய்க்கு வரும் உங்கள் வயதினர் ஓரிருவரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுக்கலாம். அவர்கள் எண்ணை அவர்கள் சம்மதமின்றி உங்களிடம் கொடுக்கக் கூடாது.

வாட்ஸ்அப் குழு என்பதாலேயே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சேர்ந்த முதல் வாரத்தில் சிலவற்றைக் கவனியுங்கள். யார் நடத்துகிறார் என்பது தெரிய வேண்டும்; அவர் தம் பெயரையும் பின்னணியையும் மறைத்துக்கொண்டு மற்றவர்களின் கதையை மட்டும் கேட்கக் கூடாது. பணம், மூலிகைப் பொடி, 'இருபத்தொரு நாளில் குணம்' என்னும் வகுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தலைகாட்டினால் அன்றே வெளியேறிவிடுங்கள். கூட்டத்தில் எடுத்த படங்களைப் பொதுவில் பகிரும் குழுவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரையை நிறுத்தவோ அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் இடம் ஆபத்தானது. லித்தியத்தைப் பொறுத்தவரை இது மிகைப்பட்ட எச்சரிக்கை அன்று. நன்மை தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதால்தான் உங்களுக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். வயிற்றுப்போக்கு, கடும் வெயில், நீர்கூட அருந்தாத விரதம் ஆகியவற்றால் உடலில் நீர் வற்றினாலும் இரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். திடீரென்று நிறுத்தினாலோ மனம் அளவுமீறிப் பொங்கும் மிகையெழுச்சி திரும்பிவர வாய்ப்பு அதிகம். இன்னொருவருக்கு ஒத்துவந்த அளவு உங்களுக்கு எவ்வகையிலும் வழிகாட்டாது.

நல்ல குழுவிலும் நள்ளிரவில் பதில் வராமல் போகலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும் நேரத்தில் குழுவில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன 14416-ஐயோ தமிழக அரசின் 104-ஐயோ, 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருக்கும் 'சினேகா' அமைப்பின் 044-24640050 என்ற எண்ணையோ அழையுங்கள்; வீட்டிலோ அறையிலோ உடனிருப்பவரையும் எழுப்புங்கள்.

கேள்வி: அம்மா, என் கணவர் குடிநோயாளி. குடியிலிருந்து மீள விரும்புவோர் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகச் சொன்னால், 'அது ஒரு மதக் கூட்டம், நான் என்ன குடிகாரனா?' என்று கேட்கிறார். அவர் வராமல் நான் மட்டும் எங்காவது போக முடியுமா?
— தூத்துக்குடி வாசகி

பதில்: போகலாம் சகோதரி, உங்களைப் போன்றவர்களுக்கென்றே தனிக் குழு இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. கணவர்மார் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே காத்திருந்த மனைவியர் தங்களுக்குள் பேசத் தொடங்கியதன் தொடர்ச்சியாக 1951-இல் 'அல்-அனான்' என்ற குடும்பத்தினர் குழு உருவாயிற்று. கணவர் குடிப்பதை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் மனைவி அதில் சேரலாம். அவரைத் திருத்தும் உத்திகளை அங்கே தேடினால் ஏமாற்றமடைவீர்கள். அவருடைய கடனை அடைப்பது, அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, போத்தலை ஒளித்து வைப்பது போன்றவற்றிலிருந்து நீங்கள் எப்படி விடுபடுவது என்பதே அங்கே பேச்சு.

பல ஊர்களில் இக்கூட்டங்கள் தேவாலய வளாகங்களில் நடப்பதால் உங்கள் கணவர் சொல்லும் ஐயம் எழுகிறது. வாடகை குறைவாகவோ இல்லாமலோ கிடைக்கும் மண்டபம் என்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். கட்டணம் கிடையாது, விருப்பமிருந்தால் தட்டில் பணம் போடலாம். 'நம்மினும் மேலான ஒரு சக்தி' என்ற பேச்சு அங்கே வரத்தான் செய்யும். அதை முருகன் என்றோ மாதா என்றோ வேறெதுவுமாகவோ அவரவர் கொள்ள அனுமதி உண்டு. குடிநோயாளிகள் மட்டும் கலந்துகொள்ளும் கூட்டம், யாரும் வரத்தக்க திறந்த கூட்டம் என்று இருவகை இருப்பதால், முதலில் ஒரு திறந்த கூட்டத்துக்கு நீங்கள் போய்வாருங்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கணவர் என்றாவது மனம் மாறி நிறுத்த முன்வந்தால், கூட்டத்துக்குப் போகுமுன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் தம்பி முப்பதாண்டுகளாக மனநோயோடு என் பொறுப்பில் வாழ்கிறான். எங்கள் வட்டத்தில் எந்தக் குழுவும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாங்களே ஒன்றைத் தொடங்க அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா? எப்படித் தொடங்குவது?
— அரியலூர் மாவட்ட வாசகர்

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, கூடிப் பேசுவதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் பதிவு, நோயாளிகளைச் சேர்த்துத் தங்கவைத்துச் சிகிச்சையோ பராமரிப்போ அளிக்கும் இல்லங்களுக்கானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த இல்லமொன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நினைவில் வைத்திருக்கும் எவரும் அந்தப் பதிவின் அவசியத்தை மறுக்கமாட்டார்கள். அங்கே உறவினரைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களில் பெரும்பாலானவை வேறு வழி தெரியாதவை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. பிற்காலத்தில் நன்கொடை பெற்று வங்கிக் கணக்குத் தொடங்கும் நிலை வந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்துகொள்ளலாம். தொடங்கும்போதே பதவிகளைப் பங்கிட்டால் தலைவர் யார் என்ற சண்டையில் குழு கலைந்துவிடும்.

கூட்டத்துக்கான நாளைத் தேர்வதில்தான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்று வைத்தால், பேருந்துக் கட்டணம் செலவழித்து, நோயாளியை வீட்டில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வருவது எளிய குடும்பங்களுக்கு இயலாது. உங்கள் வட்ட மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் நாளையே வைத்துக்கொள்ளுங்கள். அன்று எப்படியும் வருவார்கள். மாத்திரை வாங்கிய பின் ஒரு மணி நேரம் தங்கினால் போதும். மருத்துவமனை வளாகத்தில் இடம் கிடைக்காவிட்டால் அருகிலுள்ள நூலகத்தையோ பள்ளியையோ கேட்கலாம். ஆசிரியராக இருந்த உங்களுக்குத் தலைமையாசிரியர் மறுக்கமாட்டார். யாருடைய வீட்டிலும் கூட்டம் வேண்டாம். நான்கு குடும்பங்கள் வந்தாலே தொடங்கிவிடுங்கள்.

இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பதையும், மாத்திரை பற்றிய அறிவுரை மருத்துவருக்கே உரியது என்பதையும் ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் உரக்கச் சொல்லுங்கள். ஒருவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் நிலை எல்லாக் குழுவிலும் வரும். அவரை நிறுத்தும் பொறுப்பை, பேச்சுக் குறைந்த, ஆனால் மதிப்புள்ள ஒருவரிடம் கொடுப்பது நல்லது. அழுகையும் புலம்பலும் மட்டுமே நிறைந்தால் மூன்றாம் கூட்டத்திலிருந்து ஆண்கள் வரமாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு முறையும் நடைமுறைக்குப் பயன்படும் ஒரு பேச்சுப்பொருளையும் வைத்துக்கொள்ளுங்கள். மனநோயும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அடங்கும் 21 குறைபாடுகளுள் ஒன்று. அதற்கான சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் பெற அலைந்து முடித்த ஒருவர், இனி அலையப்போகும் பத்துப் பேருக்கு வழி சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்தில் நேரடியாகக் கேட்காத, ஆனால் முப்பதாண்டுகள் தம்பியைப் பார்த்துக்கொண்ட ஒருவர் கேட்காமலிருக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: நமக்குப் பிறகு யார்? எந்தக் குடும்பக் குழுவிலும் விரைவிலேயே இது எழும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் உள்ளூர்க் குழு வழியே பாதுகாவலரை நியமிக்க முடியும். மனநோய் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி உங்கள் தம்பி தம் விருப்பப்படி ஒருவரைத் தம் நியமனப் பிரதிநிதியாக எழுதிக் கையெழுத்திடலாம். அந்தப் பிரதிநிதியின் அதிகாரம் சிகிச்சை தொடர்பானது. சொத்தை நிருவகிக்கும் உரிமையை அது தராது. சொத்துக்கு உயிலோ தனியார் அறக்கட்டளையோ தனியே எழுத வேண்டியிருக்கும். இதற்கென்றே ஒரு கூட்டத்தை ஒதுக்கி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதி ஒரு வழக்குரைஞரை அனுப்பக் கேளுங்கள். மனநோயாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு என்று மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்வதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.